ஸ்பிரிட் ஊற்றாத புட்டி

அம்மா மூச்சை அடக்கியிருக்கிறாள். தூரிகையின் நுனி கறுப்புத் தட்டின் மேல் இறங்குகிறது. சர்க்கரைக் குருணையில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி அதன் ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. தூரிகை எழுந்து இடப்பக்கம் நகர்ந்து, கோந்து தடவிய அட்டையின் கட்டம் ஒன்றில் புள்ளியை இறக்கிவைக்கிறது. அதற்குப் பிறகுதான் அம்மா மூச்சு விடுகிறாள், அதுவும் முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு. தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குகிறாள். மறுபடி மூச்சை அடக்குகிறாள்.

'ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதீர்' என்று சுவரில் ஒரு பலகை உண்டு. அம்மா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

அறையில் மின்விசிறியும் உண்டு. ஓடியதில்லை. சன்னல் திறப்பதில்லை. யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் இரண்டு கைகளையும் தட்டின் மேல் குடைபோல் விரித்து, "மெதுவா, மெதுவா, எல்லாம் பறந்துடும்" என்பாள். ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து வந்த ஒருவர் மேசையருகே தும்மிவிட்டார். அம்மா கோபப்படவில்லை. காலித் தட்டைக் காட்டி, "சார், உங்க ஒரு தும்மல் எனக்கு ரெண்டு நாள் வேலை. மாத்திரை வாங்கிப் போடுங்க" என்றாள். அவர் அதன்பிறகு வாசலில் நின்றே பேசுகிறார்.

அம்மா வேலை பார்ப்பது கடல் ஆய்வு நிலையத்தில், படகுத்துறையைப் பார்த்த இரண்டாம் மாடியில். பதவி ஆய்வக உதவியாளர். வேலை பொறுக்குவது. கடலடிச் சேற்றை அலசி, சல்லடையில் வடித்து, காயவைத்து, தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழ் அதிலுள்ள ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். இதை வைத்து அப்பா அவளைப் புதியவர்களிடம் "எங்க வீட்டுப் பொறுக்கி" என்று அறிமுகப்படுத்துவார். "சேத்துல புரள்றவர் பேச்சைப் பாரு" என்பாள் அம்மா.

ஓடு என்றால் சிப்பியோ சங்கோ இல்லை. நிலையத்தில் எல்லாரும் ஃபோராம் என்பார்கள். ஒரே செல்லால் ஆன உயிர். மூளை இல்லை, கண் இல்லை, கை இல்லை. ஆனால் வீடு கட்டத் தெரியும். முதலில் உருண்டையாக ஓர் அறை. வளர்ந்ததும் அது போதாது. ஒட்டினாற்போல் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. பிறகு அதைவிடப் பெரிது. சுருளாகப் போவது ஒரு வகை, நெட்டுக்கு அடுக்குவது ஒரு வகை, பின்னல்போல மாற்றி மாற்றி வைப்பது ஒரு வகை. பழைய அறையை இடிப்பதில்லை. பிறந்த அறை கடைசிவரை உள்ளே இருக்கும். கரையோரக் கடலில் ஒரு கரண்டி மேல்சேற்றில் நூற்றுக்கணக்கானவை இப்படிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. நான் பம்பு வடிவமைப்பவள். தடிமன், இடைவெளி, பொருத்தம் என் தொழில். அந்தச் சுவர்களின் சீர்மையை எங்கள் பட்டறையில் யாராலும் கடைந்தெடுக்க முடியாது.

அவற்றுக்கெல்லாம் நீளமான லத்தீன் பெயர்கள் உண்டு. அட்டையின் பின்புறம் அம்மா அவற்றைப் பிழையில்லாமல் எழுதுவாள். வாயில் வருவது வேறு. சுருள் வகை 'பொத்தான்'. நெட்டு வகை 'திரி'. தட்டையாக வழுவழுவென்று இருப்பது 'பூசணி விதை'. சுண்ணாம்பில் கட்டாமல் மணல்துகள்களைப் பொறுக்கி ஒட்டிக் கட்டும் ஒரு வகை உண்டு. அதற்குப் பெயர் 'கொத்தனார்'. என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டுவாள்.

"பாரு, பெரிய கல்லை எங்க வெச்சிருக்கான், பொடியை எந்தச் சந்துல அடைச்சிருக்கான். ரசமட்டம் கிடையாது, தூக்குக்குண்டு கிடையாது, சித்தாளும் கிடையாது."

நூறாவது தடவையும் அதே வியப்போடு சொல்வாள். நான் நூறாவது தடவையும் பார்ப்பேன். கல் அதனதன் இடத்தில் இருக்கும்.

சேறு எடுக்கும்போது படகிலேயே புட்டிக்குள் ரோஸ் சாயம் கலந்த ஸ்பிரிட்டை ஊற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் உயிரோடு இருந்ததன் உடல் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஓட்டுச் சுவர் வழியே ரோஸாகத் தெரியும். முன்பே செத்ததன் ஓடு வெறும் வெள்ளை. எந்த இடத்தில் எத்தனை ரோஸ், எத்தனை வெள்ளை என்று எண்ணினால் அந்த இடத்துக் கடல் எப்படியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அம்மா எண்ணும்போது அவள் உதடுகளைப் படிக்கலாம். "ஆள் இருக்கு. காலி. காலி. ஆள் இருக்கு. காலி." வாடகை வீடு காட்டும் தரகர் மாதிரி இருக்கும்.

சாயம் அவள் விரல்நுனிகளை விட்டுப் போனதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்பவர்கள் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். தெருவில் தலையைக் குனிந்தே நடப்பாள்; பணிவு என்று நினைப்பார்கள், தரையைத்தான் பார்த்துக்கொண்டு போகிறாள். கடற்கரையிலிருந்து வந்தால் செருப்பில் ஒட்டிய மணலை உதறமாட்டாள், ஒரு தாளில் தட்டி மடித்து வைப்பாள். ஆனால் படகில் ஏறமாட்டாள். துறையில் கட்டிக்கிடக்கும் படகைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். முப்பது வருடம் கடலடியைப் பார்த்த அம்மா துறையின் கடைசிப் பலகையைத் தாண்டியதில்லை.

தாண்டியவர் அப்பா. நிலையத்தின் படகில் சேறு எடுப்பவர் அவர். கம்பியில் கட்டிய, இரண்டு தாடையுள்ள இரும்புக் கொப்பரையைக் கடலடிக்கு இறக்கி, வாய் மூட வைத்து, மேலே இழுத்து, சேற்றின் மேல்படலத்தைக் கரண்டியால் வழித்துப் புட்டியில் போடுவார். நுண்ணோக்கியில் அவர் கண் வைத்ததில்லை. "எனக்குத் தலை சுத்துதுப்பா" என்பார். கடலில் சுற்றாத தலை அங்கே சுற்றும். அதனால் அவர் கொண்டுவந்தது என்ன என்று அவருக்கு அம்மாதான் சொல்ல வேண்டும். மாலையில் டீக் குவளையோடு உட்கார்ந்து கேட்பார்.

"என் சேத்துல இன்னிக்கு யாரு?"

"கொத்தனார் ரெண்டு பேரு. பூசணி விதை ஜாஸ்தி. வளைவுல மட்டும் எல்லாம் காலி."

ஆறு கடலில் சேரும் இடத்தை அடுத்த திருப்பம்தான் வளைவு. மாதாமாதம் சேறு எடுக்கும் ஆறு இடங்களில் கடைசி. ஒரு சாயப்பட்டறையின் கழிவு பல வருடம் அங்கே வந்து விழுந்தது. அங்கிருந்து வந்த ஓடுகளில் பாதி கோணல். கடைசி அறை முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் இரண்டு தலை மாதிரிப் பிளந்திருக்கும். மற்றதெல்லாம் காலி. பட்டறை மூடிய பிறகும் நெடுநாள் காலி. பிறகொரு மாலை அம்மா, "வளைவுல இன்னிக்கு ஒரு ஆள்" என்றாள். அப்பா குவளையோடு எழுந்து நின்றுவிட்டார். "ஒண்ணா? நல்லாப் பாத்தியா? ரோஸா?" அடுத்த வருடம் ஒரு பத்துப் பேர். அப்புறம் எண்ண நேரம் பிடித்தது. யாரும் விதைக்கவில்லை. சேறே தன்னைச் சரிசெய்துகொண்டது. அவர்கள் இருவரும் அதைப் பக்கத்து வீட்டுக்கு ஆள் குடிவந்த சேதி மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

அப்பாவிடம் ஒரு குறை. ஸ்பிரிட் ஊற்ற மறப்பார். அடிக்கடி இல்லை, ஆனால் மறப்பார். ஊற்றாத புட்டியை எண்ண முடியாது. எது முன்பே செத்தது, எது புட்டிக்குள் செத்தது என்று பிரிக்க வழியில்லை. மறுநாள் அதற்காகவே படகு போகவேண்டும்.

"ஸ்பிரிட் ஊத்தினீங்களா இல்லையா?"

"ஊத்தினேன்டி."

"அப்ப ஏன் ஒண்ணுகூட ரோஸா இல்ல?"

"வெக்கம் கெட்டதுங்களா இருக்கும்."

எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த சண்டை இது ஒன்றுதான்.

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது. காலையில் ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் கடைசியாகப் படகில் போய் வந்திருந்தார்.

அம்மா சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேண்டாம் என்றேன். "வீட்ல உக்காந்தா அழணும். அங்க அழ முடியாது, லென்ஸ் மங்கிடும்" என்றாள். நான் அவளோடு வந்து தங்கினேன். மாலையில் டீ கொடுத்துவிட்டு, "சேத்துல இன்னிக்கு யாரும்மா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வழக்கமான ஆளுங்கதான்" என்று குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மறுபடி கேட்கவில்லை.

அப்பாவின் கடைசிப் பயணத்துப் புட்டிகள் குளிர்பெட்டியில் இருந்தன. வெள்ளை பிளாஸ்டிக் புட்டிகள்; உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அம்மா தேங்கியிருந்த மற்ற வேலைகளை முடித்தாள். புதிதாக வந்ததையும் முடித்தாள். வேறு எதுவும் மிச்சமில்லாதபோதுதான் அவற்றை வெளியே எடுத்தாள். ஒவ்வொன்றாக ஐந்து புட்டிகளை முடித்தாள்.

ஒரு மதியம் போன் வந்தது. "உடனே வா." வேறெதுவும் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பும் அம்மா இந்த இரண்டு சொற்களைத்தான் சொல்லியிருந்தாள். நான் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவியதுபோல் ஈரமாக இருந்தது.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"உக்காரு. கண்ணை வை. மேசையைத் தொடாத."

கறுப்புத் தட்டு இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் கடல்நீர், அடியில் துளிச் சேறு. நடுவில் ஒரு பொத்தான். வெள்ளையும் இல்லை, ரோஸும் இல்லை. தேன்நிறம், ஓரிரு அறைகளில் பச்சை ஓடியிருந்தது. அழுக்குப் பிடித்த ஓடு என்று நினைத்தேன்.

"பேசாம பாத்துட்டே இரு."

ஓட்டைச் சுற்றிக் கண்ணாடியில் கீறல்கள் தெரிந்தன. கீறல் நகராது. இவை நீண்டன. பிரிந்தன. ஒன்றையொன்று தொட்ட இடத்தில் சேர்ந்து வலையாயின. ஓட்டின் அகலத்தைப்போல் பல மடங்கு தூரத்துக்கு அந்த வலை விரிந்திருந்தது. ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய துகள்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. அதே இழையில் வேறு துகள்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒரே குழாய், இரண்டு திசை ஓட்டம், இடிபடவில்லை. அப்படி ஒன்றைச் செய்துதரச் சொல்லி யாராவது என்னிடம் வந்திருந்தால் முடியாது என்று அனுப்பியிருப்பேன்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கழுத்து வலித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

"நடக்குதுடி," என்றாள் அம்மா. குரல் மிகவும் சன்னமாக இருந்தது. "நான் முதல்ல பாக்கறப்ப அந்த மணலுக்கு இந்தப் பக்கம் இருந்தான். இப்ப அந்தப் பக்கம்."

"நீ இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா?"

"எப்படிப் பாக்கறது? எனக்கு வர்றதுக்குள்ள ஸ்பிரிட்ல செத்துடுமே. வீடியோல காட்டியிருக்காங்க. அது வேற யாரோ. இவனை எனக்கு முப்பது வருஷமா தெரியும்னு நெனச்சேன். போட்டோல பாத்துட்டே இருந்த ஆளு வாசல்ல வந்து நின்ன மாதிரி இருக்கு."

"எந்தச் சேறும்மா இது?"

"உங்கப்பாவோடது."

ஆறாவது புட்டி. வளைவிலிருந்து எடுத்தது. மூடியைத் திறந்தபோது உள்ளே ரோஸ் இல்லை. "வந்துச்சு பாரு கோவம். செத்தும் என்னைத் திட்ட வைக்கிறீங்களேன்னு சத்தமாவே திட்டிட்டேன்" என்றாள். நான்கு மாதச் சேறு அழுகிய முட்டைபோல் நாற வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். பிறகு விட்டாளாம். கடல் வாசனைதான் வந்தது. சேற்றின் மேல் பழுப்பாக ஓர் ஆடை மட்டும் படிந்திருந்தது. கொட்டுவதற்காகத்தான் எடுத்துப் போனாள். கழுவுதொட்டி வரைக்கும் போய்விட்டு, கொட்டும் முன் ஒரு துளி பார்ப்போம் என்று திரும்பியிருக்கிறாள். குளிரில், இருட்டில், மூடிய புட்டிக்குள் நான்கு மாதம் அவை இருந்திருக்கின்றன. அவருக்குப் பிறகும் இருந்திருக்கின்றன.

"ஜென்மத்துல மனுஷன் உருப்படியா செஞ்ச ஒரே தப்பு" என்று சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மாலைக்குள் நிலையம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. காவலாளி வரை வந்து கண் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் கதவை மெதுவாகத் திறந்தார்கள். கடைசியாகப் படகு ஓட்டுபவர் வந்தார். அப்பாவோடு இருபது வருடம் போனவர். பார்த்தார். நிமிர்ந்தவர் போகாமல் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அண்ணன் மறக்கல."

அம்மா திரும்பினாள்.

"வளைவுல சேத்தைப் புட்டில போட்டாரு. ஸ்பிரிட் கேனை எடுக்கக் குனிஞ்சவரு அப்படியே உக்காந்துட்டாரு. ஒரு கை நெஞ்சுல, ஒரு கைல புட்டி. வேர்த்து ஊத்துது. நான் திருப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். வாயுடா, ஒண்ணும் இல்லன்னாரு. மூடியை மட்டும் நான்தான் போட்டேன். ஸ்பிரிட் ஞாபகமே இல்ல. அக்காகிட்ட சொன்னா கொன்னுடுவேன்னாரு."

"வாயுன்னாரா?"

"ஆமாக்கா."

அம்மா கிண்ணத்தின் மேல் கண்ணாடி மூடியைச் சரியாக நகர்த்தி வைத்தாள். "வாயுவாம்" என்றாள். "சேத்துல கிடக்கறதுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு மாசாமாசம் பாக்கச் சொன்னாரு. தன்னைப் பாக்க ஒரு நாள் சொல்லல." பிறகு அவரைப் பார்த்து, "நீ அழாத. போ, டீ குடிச்சுட்டுப் போ" என்றாள்.

மறுநாள் நிலையத் தலைவர் வந்தார். அம்மா அவரை மேடம் என்பாள். நல்லவர்; கிண்ணத்தின் முன் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப்போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்த பிறகு சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கினார்.

"அடுத்த வாரம் வளைவுல தூர்வாரும் கப்பல் வருது. துறைமுகத்துக்குப் புது வழி. அந்த இடமே இருக்காது. மறுபடி போய் எடுக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"இந்தப் புட்டியை எண்ணலைன்னா அட்டவணையில அந்தக் கட்டம் காலியா விடணும். காரணமும் போடணும்."

"என்ன போடுவீங்க?"

"வழக்கமா போடறதுதான். சேகரித்தவர் தவறு."

அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு மேடம் தொடர்ந்தார்.

"இப்ப ஸ்பிரிட் ஊத்தினாலும் அன்னிக்கு இருந்த கணக்கு கிடைக்காது. ஆனா வளைவுல எந்தெந்த வகை உயிரோட இருந்துதுன்னு அச்சுல நிக்கும். 'உயிருடன் வந்து சேர்ந்தது'ன்னு குறிப்பு போட்டுடலாம். உங்க வீட்டுக்காரர் எடுத்தது. நீங்கதான் முடிவு பண்ணணும். நான் அவசரப்படுத்தல."

அவர் அவசரப்படுத்தவில்லை. கப்பல்தான் வந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள். நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு போகாது, அதனால் குறைந்த அளவுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீரையே சேர்க்க வேண்டும் என்று நான் கிண்ணத்தின் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். மீன்தொட்டியின் சுவரில் படர்ந்த பச்சையைச் சுரண்டி வந்து தூரிகை நுனியால் ஊட்டினாள். அந்தப் பச்சை இழை வழியே மெல்ல ஓட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டின்போது அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வாயே இல்லடி அதுக்கு. உடம்பையே வெளிய விரிச்சு, கிடைச்சதைச் சுத்தி எடுத்துக்கிட்டு, மறுபடி உடம்பை உள்ள இழுத்துக்குது. கதவைச் சாத்திக்குது."

மூன்றாம் நாள் காலை நான் சொல்லிவிட்டேன். "ஊத்தாதம்மா. அட்டவணைல ஒரு கட்டம். போனாப் போகட்டும். அவர் கையால எடுத்ததுல உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான்."

அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"அவர் எதுக்குடி எடுத்தாரு? எண்ணறதுக்குத்தானே? நெஞ்சு வலியோட உக்காந்தப்பகூடப் புட்டியைக் கவுத்துடாம கைலயே வெச்சிருந்திருக்காரு. முதல்ல அந்த இடம் காலின்னு எழுதினாங்க, அது அவர் சேறுதான். அப்புறம் ஒரு ஆள்னு எழுதினாங்க, அதுவும் அவர் சேறுதான். இப்பக் கடைசியா அங்க இவ்வளவு பேர் இருக்கறப்ப, தவறுன்னு எழுதறதா?" சீப்பிலிருந்த முடியைச் சுருட்டினாள். "அந்த மனுஷனைத் தப்பு சொல்ல இந்த வீட்ல ஒரு ஆள் போதும். ஊருக்கெல்லாம் அச்சடிக்க வேணாம்."

"அப்ப எல்லாத்தையும் கொல்லப் போறியா?"

"பாதி."

சேற்றை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவு. ஒரு பாதி ஸ்பிரிட்டுக்கு, ஒரு பாதி கிண்ணத்துக்கு. எனக்கு எளிதாகப் பட்டது. பார்த்து வைத்திருக்கும் பொத்தானையும் கண்ணில் படும் உயிருள்ளவற்றையும் தூரிகையால் எடுத்துக் கிண்ணத்தில் விட்டுவிட்டு மீதியை ஊற்றலாமே என்றேன். அம்மா கேள்வியே புரியாதவள்போல் என்னைப் பார்த்தாள்.

"கண்ணால பாத்துப் பிரிச்சா அது எப்படிடி கணக்கு? வேண்டியவங்களை ஒதுக்கிட்டு எண்ணினா வளைவு மறுபடி காலின்னுதானே வரும்?"

கிண்ணத்திலிருந்த நீரையும் சேற்றையும் அதன் பொத்தானோடு புட்டிக்குள் திருப்பி ஊற்றினாள். மரக்குச்சியால் மெதுவாகக் கலக்கினாள். எல்லாம் ஒரே பழுப்பாயிற்று. அது அடங்கும் முன், அளவு பார்த்து, சரிபாதியை இன்னொரு புட்டிக்கு மாற்றினாள். இரண்டு புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஒரே அளவு சேறு.

"அவன் எதுல போனான்?" என்றேன்.

"தெரியாது," என்றாள் அம்மா. "தெரியக் கூடாது."

எது ஸ்பிரிட்டுக்கு என்று சுண்டிப் பார்க்க ஒரு நாணயம் தேடி, கிடைக்காமல், அம்மா கண்ணை மூடிக்கொண்டு மேசையில் கையை நீட்டினாள். இடப்பக்கத்துப் புட்டி அகப்பட்டது. அதைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஸ்பிரிட் கேனை நான் எடுத்தேன். "நான் ஊத்தறேன்மா."

"வேணாம். குடு."

இத்தனை வருடத்தில் அம்மா ஒருமுறையும் ஊற்றியதில்லை. அது படகில் நடப்பது. அவளுக்குத் தெரிந்தது ஊற்றினார்களா இல்லையா என்பது மட்டும்தான். கேனின் மூடியைத் திறந்ததும் அந்த நெடி அறை முழுக்கப் பரவியது. ரோஸ் நீர் மெல்லிய இழையாக இறங்கிச் சேற்றின் மேல் படர்ந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. நுண்ணோக்கி பக்கத்திலேயே இருந்தது. அம்மா அதன் பக்கம் திரும்பவில்லை. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழுப்புச் சேறு, ரோஸ் தண்ணீர். நான் மற்ற புட்டியைச் சன்னலோரம் நிழலில் கொண்டுபோய் வைத்தேன்.

திரும்பியபோது அம்மா மூடியைத் திருகி, புட்டியை மெதுவாக ஆட்டிக் கலக்கியிருந்தாள். அதை மேசையில் வைக்கப் போனவள் பாதியில் நின்றாள். வலக்கையிலிருந்ததை இடக்கைக்கு மாற்றினாள். மறுபடி வலக்கைக்கு மாற்றினாள்.

"ஏன்டி, இது சுடுது."

தண்ணீரில் ஸ்பிரிட் கலந்தால் இலேசாக வெப்பம் வரும். எனக்கு அது பாடத்தில் படித்த சேதி. புட்டியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் உடம்பின் சூடுதான் இருந்தது. அம்மாவிடம் புட்டிகள் எப்போதும் சில்லென்றுதான் வந்து சேர்ந்திருக்கின்றன.

"இதை அவர் சொல்லவே இல்லையே," என்றாள்.

படகுத்துறையில் இயந்திரம் கிளம்பும் சத்தம் கேட்டது. மேடம் வாசலில் வந்து நின்று, பார்த்துவிட்டு, உள்ளே வராமல் போனார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் புட்டியைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டாள். அது குளிரும்வரை கையை எடுக்கவில்லை.